பட்டத்திலிருந்து பனர் வரை: இன்க்ஸ்கேப்பில் டிசைன் பழகலாமா?

தைப்பொங்கலன்று வல்வெட்டித்துறைக் கடற்கரையில் ஏறும் பட்டங்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், வடிவமைப்பு இந்த ஊருக்குப் புதிய கலை அல்ல. மூங்கிலும் நூலும் வண்ணத்தாளும் கொண்டு அதைக் காலங்காலமாகச் செய்கிறார்கள். அந்தக் கண் உள்ளவர்கள் கணினியில் பொழுதுபோக்காக டிசைன் பழக எந்த மென்பொருளை எடுக்கலாம்? இன்க்ஸ்கேப்பைத்தான் சொல்வேன். 2003 முதல் தன்னார்வலர்கள் வளர்த்துவரும் இது முற்றிலும் இலவசம். விண்டோஸ், மக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும்.

பட்டத்திலேயே தொடங்கினேன். பாதி உருவத்தைப் பேனாக் கருவியால் வரைந்து 'மிரர் சிமெட்ரி' கொடுத்தால் மறுபாதி தானாக வரும். இடது செட்டையை இழுத்தால் வலதும் கூடவே நகரும். இரு பக்கமும் ஒத்துவராத பட்டம் சாய்ந்து குத்தும் என்று அறிந்தவர்களுக்கு இதன் அருமை புரியும். 1.2 பதிப்பு முதல் ஒரே கோப்பில் பல பக்கங்கள் வைக்கலாம். ஏ4 பக்கங்களை வரைபடத்தின்மேல் பரப்பி பி.டி.எஃப். ஆக்கினால், வீட்டுப் பிரிண்டரிலேயே உண்மையான அளவில் அச்சடித்து ஒட்டி, தாள் வெட்ட வைத்துக்கொள்ளலாம். பக்க ஓரங்கள் சற்று ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கட்டும், பிரிண்டர் விளிம்பை விட்டுவிடும். அச்சளவு 100 வீதம் என்றிருப்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, 1938இல் அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகத்தை அடைந்த நம் ஊர்ப் பாய்க்கப்பல் அன்னபூரணி. பழைய படத்தை 'ட்ரேஸ் பிட்மப்'பில் போட்டால் நொடியில் உருவம் கிடைக்கும். ஆனால் புள்ளிகள் ஈக்கூட்டமாக மொய்த்து, கப்பலின் வளைவு நடுங்கும். அதே வளைவைக் கையால் நாலைந்து புள்ளிகளில் வரையும்போதுதான் கோடு எங்கே திரும்புகிறது என்பது மனதில் பதிகிறது. பழகும் காலத்தில் ட்ரேஸைத் தொடவே வேண்டாம்.

என்னைக் கவர்ந்தது தமிழ் எழுத்து. சில மென்பொருள்களில் 'கொ' என்று அடித்தால் கொம்பும் காலும் தனித்தனியாகப் பிரிந்து நிற்கும். இங்கே நோட்டோ, கட்டமரான், அனெக் தமிழ் போன்ற யூனிகோட் எழுத்துருக்கள் எல்லாம் ஒழுங்காக வருகின்றன. அச்சகக் கணினியில் அந்த எழுத்துரு இல்லாவிட்டால் எழுத்து மாறிப்போகும். ஆகவே கோயில் திருவிழா நோட்டீஸோ பனரோ கொடுக்குமுன் எழுத்தை 'ஒப்ஜெக்ட் டு பாத்' மூலம் உருவமாக்கிவிடுங்கள். பிறகு எழுத்துப்பிழை திருத்த முடியாது. மூலக் கோப்பைத் தனியாகச் சேமித்து வையுங்கள்.

குறைகளும் உண்டு. கைபேசியில் இல்லை. அச்சுக்குரிய சி.எம்.வை.கே. நிறக் கையாளுகை பலவீனம் என்பதால் திரையில் பளிச்சிடும் நீலம் தாளில் மங்கலாம். மாதிரி ஒன்று அடித்துப் பார்த்த பின்னரே மொத்தமாக அடிக்கக் கொடுங்கள். மங்கல் எஃபெக்டுகளைக் குவித்தால் பழைய மடிக்கணினி திணறும். புகைப்படங்களைத் திருத்துவதற்கு இது ஏற்றதல்ல.

அச்சுத் தொழிலையே நம்பியிருப்பவர்களுக்கு இது மட்டும் போதாது. சொந்த ஆசைக்குப் பழகுபவர்கள் காசு கொடுத்து வேறெதையும் வாங்குமுன் இதைப் பதிவிறக்கி, வரும் பொங்கலுக்கு ஒரு பட்டம் வரைந்து பாருங்கள்.