ஸ்டாண்டர்ட் ஹெரால்டின் பின்வில்: மாற்றங்கள் குறித்த ஒரு விமர்சனம்

ஸ்டாண்டர்ட் ஹெரால்டு, சென்னையை அடுத்த வண்டலூரில் ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா நிறுவனம் 1961 முதல் தயாரித்த கார். 1959இல் இங்கிலாந்தில் வெளிவந்த டிரையம்ப் ஹெரால்டின் இந்திய வடிவம் இது. இதன் தோற்றத்தை வடிவமைத்தவர் இத்தாலியரான ஜியோவன்னி மிக்கெலோட்டி. இந்த ஹெரால்டின் அடிச்சட்டத்தை அடிப்படையாகக் கொண்டே 1962இல் டிரையம்ப் ஸ்பிட்ஃபயர் என்ற இருவர் அமரும் ஸ்போர்ட்ஸ் கார் வந்தது. இரண்டுக்கும் பின்புற வில் அமைப்பு ஒன்றே. எனவே ஸ்பிட்ஃபயரின் பின்வில்லைப் பற்றிச் சொல்வதில் பெரும்பகுதி நம் ஊர் ஹெரால்டுக்கும் பொருந்தும்.

பழைய கார்களைப் புதுப்பிப்போர் இந்தப் பின்வில்லில்தான் அதிகம் கைவைக்கிறார்கள், அதிகம் தவறு செய்வதும் இங்கேதான். "ஒரு பட்டை கூடப் போட்டுவிட்டால் சரியாகிவிடும்" என்ற லாரிப் பட்டறை வழக்கத்தை ஹெரால்டுக்குக் கொண்டுவருவது அவற்றில் முதன்மையானது.

வில்லின் அமைப்பு

பட்டை வில் நமக்குப் புதிதன்று. வில்வண்டி என்ற பெயரே அதிலிருந்து வந்ததுதான். எஃகுப் பட்டைகளை நீளத்தின் வரிசையில் அடுக்கி நடுவில் போல்ட் போட்டு இறுக்கினால் பட்டை வில். குளச்சல் துறைமுகத்தில் மீன் ஏற்ற வரும் எந்த லாரியின் பின்சக்கரத்துக்கு அருகிலும் குனிந்து பார்த்தால் தெரியும். லாரியிலும், அம்பாசடர், பியட் 1100 ஆகிய கார்களிலும் இரண்டு வில்கள் வண்டியின் நீளவாக்கில் பக்கத்துக்கு ஒன்றாக இருக்கும். அவற்றோடு இறுக்கப்பட்ட ஒரே அச்சு குறுக்கே கிடக்கும்.

ஹெரால்டில் அப்படியில்லை. ஒரே ஒரு வில், வண்டியின் குறுக்கே, டிஃபரன்ஷியல் கூட்டின் தலைமேல் இறுக்கப்பட்டிருக்கும். அதன் இரு முனைகளும் இரு சக்கரங்களின் தாங்கிகளைப் பிடித்திருக்கும். சக்கரங்களை இணைக்கும் ஒரே அச்சு கிடையாது. பக்கத்துக்கு ஓர் அரை அச்சு, டிஃபரன்ஷியலை ஒட்டிய மூட்டிலிருந்து கதவு கீலில் ஆடுவதுபோல மேலும் கீழும் ஆடும். ஊசல் அச்சு என்று சொல்லலாம். அக்கால இந்தியக் கார்கள் மூன்றில் பின்சக்கரங்கள் தனித்தனியே இயங்கியது ஹெரால்டில் மட்டுமே. பள்ளம் மேட்டில் அது சொகுசாகச் சென்றதற்குக் காரணமும் அதுவே.

குறை எங்கே

கீலில் ஆடும் கதவைப்போலச் சக்கரம் ஆடினால், ஏறி இறங்கும்போதெல்லாம் அதன் சாய்வும் மாறும். பின்னிருக்கையில் ஆட்களும் டிக்கியில் சுமையும் ஏறினால் சக்கரங்களின் தலை உள்ளே சாய்ந்து, கால் அகன்று நிற்கும். டயரின் உள்விளிம்பு தேயும். வண்டி காலியாக, பின்பகுதி உயர்ந்து நின்றால் இதற்கு நேர்மாறாக, சக்கரங்களின் கால் உள்ளே ஒடுங்கும்.

ஆபத்து இரண்டாவது நிலையில்தான். வேகமாக இடப்புறம் வளையும்போது பாரம் வலப்பக்கச் சக்கரத்தின் மேல் சாயும். தரை அந்தச் சக்கரத்தை உள்நோக்கித் தள்ளும். அரை அச்சின் மூட்டு தரையைவிட உயரத்தில் இருப்பதால், அந்தத் தள்ளுவிசை காரின் பின்பகுதியைத் தூக்கிவிடும். பின்பகுதி உயர உயரச் சக்கரம் வண்டிக்கு அடியில் மடியும், பிடிப்பு போகும், வால் சுழலும். வளைவின் நடுவில் பயந்து ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் நிலைமை இன்னும் மோசம். பாரம் முன்னே போய் பின்பகுதி மேலும் எழும்பிவிடும்.

இது ஹெரால்டுக்கு மட்டும் உரிய குறையன்று. அமெரிக்காவின் செவ்ரலே கார்வேர் காரின் 1960–63 மாதிரிகளிலும் இதே ஊசல் அச்சுதான். ரால்ஃப் நேடர் 1965இல் கார்களின் பாதுகாப்பின்மை பற்றி எழுதிய புகழ்பெற்ற நூலின் முதல் அத்தியாயம் அந்தக் காரைப் பற்றியது. அந்த நூல் வருவதற்கு முன்பே, 1964 மாதிரியில் சக்கரத்தின் மடிப்பைத் தடுக்க நிறுவனம் சேர்த்தது எதை என்றால், குறுக்கே ஒரு பட்டை வில்லை! குறை பட்டை வில்லில் இல்லை, அதை எப்படிப் பொருத்துகிறோம் என்பதில் இருக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

பட்டை சேர்ப்பது ஏன் தவறு

நம் ஊரில் நடப்பதை வரிசையாகப் பார்க்கலாம். நால்வருக்கான காரில் ஆறு பேரும் மூட்டை முடிச்சும் ஏறுகின்றன. வில் தளர்கிறது, டயர் ஒருபுறம் தேய்கிறது. பட்டறையில் பழைய லாரிப் பட்டையை வெட்டி அடுக்கில் செருகுகிறார்கள், அல்லது இருக்கும் பட்டைகளைக் காய்ச்சி அடித்து வளைவை ஏற்றுகிறார்கள். சுமை ஏற்றினால் சக்கரம் இப்போது நேராக நிற்கிறது. உரிமையாளருக்கு மகிழ்ச்சி. ஆனால் அதே காரை ஒருவர் மட்டும் ஓட்டிச் செல்லும்போது பின்பகுதி உயர்ந்து, சக்கரங்கள் ஏற்கெனவே பாதி மடிந்த நிலையில் ஓடுகின்றன. ஆரல்வாய்மொழிப் பக்கம் வளைவு ஒன்றில் திடீரெனத் திருப்ப வேண்டி வந்தால் என்ன ஆகும் என்பதை மேலே சொன்னதிலிருந்து ஊகித்துக்கொள்ளலாம். பின்வில் விறைக்கும்போது, வளைவில் வண்டியின் சாய்வைத் தாங்கும் வேலையில் பெரும்பங்கு பின்சக்கரங்களுக்குப் போகிறது. அதனால் முன்சக்கரத்துக்கு முன்பே பின்சக்கரம் பிடிப்பை இழக்கும்.

விறைப்பு எவ்வளவு கூடும் என்பதையும் பலர் கணக்கிடுவதில்லை. பட்டையின் விறைப்பு அதன் தடிமனின் மும்மடிக்கு ஏற்பக் கூடும். 6 மி.மீ. பட்டைக்குப் பதில் 7 மி.மீ. போட்டால் ஆறில் ஒரு பங்குதானே கூடுகிறது என்று தோன்றும். உண்மையில் அந்தப் பட்டை ஏறத்தாழ 60 சதவீதம் விறைப்பாகிறது. நிறுத்திய லாரியின் பட்டை "நல்ல கனமான பட்டை" என்று பாராட்டப்படுவது இங்கே குற்றச்சாட்டாகவே கொள்ளத்தக்கது. காய்ச்சி அடித்த பட்டை வேறுவகை. எண்ணெயில் குளிர்வித்து மீண்டும் அளவாகச் சூடேற்றிப் பதப்படுத்தாவிட்டால் சில மாதங்களில் பழையபடி தளரும், அல்லது ஒடியும்.

இரண்டு திருத்தங்கள்

தயாரிப்பாளர்களே இக்குறைக்கு இரண்டு விடைகள் கண்டார்கள். 1970இல் வந்த ஸ்பிட்ஃபயர் நான்காம் மாதிரியில் ஒரு பட்டை நீக்கப்பட்டது. அடிப்பட்டை மட்டும் டிஃபரன்ஷியலோடு இறுக்கப்பட்டது. மற்றப் பட்டைகள் நடுவில் ஊசலாடும்படி விடப்பட்டன. மாணவர்கள் ஓர் அடிக்கோலைக் கொண்டு இதைச் செய்து பார்க்கலாம். அடிக்கோலை ஒரு பென்சிலின் மேல் நடுவாக வைத்து இரு முனைகளையும் சேர்த்து அழுத்தினால் வளைந்து எதிர்க்கும். ஒரு முனையை மட்டும் அழுத்தினால் மறுமுனை ஏறும், கோல் வளையாது. இரு சக்கரமும் ஒன்றாக மேட்டில் ஏறும்போது வில் முழு வேலையும் செய்கிறது. வளைவில் ஒன்று ஏறி மற்றது இறங்கும்போது விலகிக்கொள்கிறது. அப்போது கூடும் சாய்வை முன்பக்கம் தடிமனான சாய்வுத் தடைக்கம்பி ஒன்று பார்த்துக்கொள்ளும். பட்டையைக் கூட்டாமல் குறைத்து நோயைத் தீர்த்தது என்பதால், பழைய ஸ்போர்ட்ஸ் கார் வில் திருத்தங்களில் இதுவே ஆகச் சிறந்தது என்பேன்.

வண்டலூரின் விடை வேறு. 1972இல் ஹெரால்டின் அடுத்த வடிவமாக வந்த கஸெல் காரில் ஊசல் அச்சையே எடுத்துவிட்டு ஒரே அச்சைப் போட்டார்கள். உரிமையாளர்களுக்கும் மெக்கானிக்குகளுக்கும் ஊசல் அச்சு பிடிக்கவில்லை என்பது காரணம். இதைப் பின்னோக்கிய அடி என்று கேலி செய்பவர்கள் உண்டு. அந்தக் கேலி நியாயமற்றது. டிரையம்ப்பின் ஊசல் வில் வளைவின் ஆபத்தைக் குறைக்கும், ஆனால் ஆறு பேர் ஏறினால் சக்கரம் அகன்று டயர் தேய்வதைத் தடுக்காது. ஒரே அச்சில் எத்தனை சுமை ஏற்றினாலும் சக்கரம் நிமிர்ந்தே நிற்கும். இந்தியக் குடும்பத்தின் கேள்விக்கு அதுதான் விடை. ஒரு சக்கரம் கல்லில் ஏறினால் மற்றதும் சாயும், டிஃபரன்ஷியலின் எடை முழுவதும் சக்கரங்களோடு சேர்ந்து குதிக்கும் என்பன அதற்குக் கொடுத்த விலை.

இன்று எஞ்சியுள்ள ஹெரால்டுகள் சுமை ஏற்றுவதில்லை. ஞாயிற்றுக்கிழமை ஒருவரோ இருவரோ ஓட்டிச் செல்கிறார்கள், பழைய கார்களின் அணிவகுப்புக்குப் போகிறார்கள். ஆகவே அவற்றுக்கு கஸெலின் விடை தேவையில்லை, பட்டை சேர்ப்பது கூடவே கூடாது. ஸ்பிட்ஃபயரின் ஊசல் வில் பொருந்தும். ஆனால் அதை மட்டும் வாங்கி மாட்டினால் போதாது. டிஃபரன்ஷியல் கூட்டில் அது அமரும் இடமும் முன்புறத் தடைக்கம்பியும் அதற்கேற்ப மாற வேண்டும். செலவு அதிகம் என்போர் வில்லுக்கும் டிஃபரன்ஷியலுக்கும் இடையே ஒரு கட்டை வைத்து, நீளமான ஸ்டட் போட்டு வண்டியைச் சற்றுத் தாழ்த்துகிறார்கள். சக்கரத்தின் தலை லேசாக உள்ளே சாயும், மடியும் ஆபத்து தள்ளிப்போகும். குறைந்த செலவில் இது நல்ல திருத்தமே. மரக்கட்டையும் கிடைத்த ஸ்டட்டும் போடுபவர்களிடம் மட்டும் காரைக் கொடுக்கக் கூடாது.

பட்டை வில்லையே பழங்காலத்துப் பொருள் என்று ஒதுக்கிச் சுருள்வில் மாட்டுவோருக்கு ஒன்று சொல்லலாம். அமெரிக்காவின் கார்வெட் ஸ்போர்ட்ஸ் கார் 1963 முதல் 2019 வரை பின்புறம் குறுக்குப் பட்டை வில்லோடுதான் ஓடியது. 1981 முதல் அதில் இழைக்கண்ணாடியால் ஆன ஒற்றைப் பட்டையும் வந்தது.

கடற்கரை ஊர்களில் இன்னொரு சிக்கல், உப்புக் காற்று. பட்டைகளுக்கிடையே துரு ஏறினால் அவை ஒன்றன்மேல் ஒன்று வழுக்காமல் ஒரே கட்டியாகிவிடும். வில் விறைத்துவிட்டது, புதிது வேண்டும் என்று சொல்லப்படும் பல கார்களுக்கு அடுக்கைக் கழற்றித் துருவைச் சுரண்டி கிரீஸ் தடவினாலே போதும்.

புதுப்பித்த ஹெரால்டை வாங்கும்முன் அதைச் சமதரையில் ஆளில்லாமல் நிறுத்தி, சிறிது தூரம் உருட்டிவிட்டுப் பின்னால் நின்று பார்க்க வேண்டும். ஜாக்கியில் தூக்கி இறக்கியவுடன் பார்த்தால் சக்கரம் பொய் சொல்லும். பின்சக்கரங்கள் நேராகவோ, தலை சற்று உள்ளே சாய்ந்தோ நின்றால் சரி. கால் ஒடுங்கி நின்றால், குனிந்து பட்டைகளை எண்ணிப் பார்க்கலாம்.