இரண்டு மாதமும் நூறு தாய்மாரும்

போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, சகாய மாதா கோயிலில் பூசை முடிந்து கூட்டம் கலைகிற நேரம், பக்கத்துத் தெருப் பெண் ஒருத்தி ஃபைலும் கையுமாக வந்து நின்றாள். டெல்டா பக்கம் ஒரு கல்லூரியில் எம்பிபிஎஸ் இரண்டாம் ஆண்டு. ப்ளஸ் டூ படிக்கும்போதே குழந்தை டாக்டர்தான் ஆவேன் என்று சொல்லிக்கொண்டிருந்தவள். நான் காலேஜில் புள்ளியியல் சொல்லிக்கொடுத்தவன் என்பது பாலக்கரையில் எப்படியோ பரவிவிட்டதால் வருஷத்துக்கு நாலைந்து பேர் இப்படி வருவது வழக்கம். எல்லாரும் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: "அங்கிள், சாம்பிள் சைஸ் மட்டும் போட்டுக் குடுங்க."

இவள் விண்ணப்பிக்க இருந்தது ஐசிஎம்ஆரின் குறுகிய கால மாணவர் ஆய்வுத் திட்டத்துக்கு. மெடிக்கல் காலேஜ்களில் எஸ்டிஎஸ் என்று சொன்னால்தான் தெரியும். 1979-ல் ஆரம்பித்தது. மாணவர் ஒரு பேராசிரியரைக் கைடாக வைத்துக்கொண்டு ஆய்வுத் திட்டம் எழுதி அனுப்ப வேண்டும். தேர்வானால் இரண்டு மாதம் ஆராய்ச்சி, பிறகு அறிக்கை. அறிக்கை ஏற்கப்பட்டால் சான்றிதழும் உதவித்தொகையும். இந்த வயதுப் பிள்ளைகளுக்கு ஆராய்ச்சியின் வாசலைத் திறந்துவிடும் ஏற்பாடு நம்மிடம் குறைவு. இத்தனை வருஷம் இது நடந்துவருவதே பெரிய விஷயம். மூடச் சொல்லி எழுதவில்லை. என் சண்டை வேறு.

ஃபைலைத் திறந்தால் தலைப்பு: தாய்ப்பால் குறித்துத் தாய்மாரின் அறிவு, மனப்பான்மை, நடைமுறை. ஆங்கில முதலெழுத்துகளில் கேஏபி ஆய்வு. (திருச்சிக்காரனுக்குக் கேஏபி என்றதும் கி.ஆ.பெ. விசுவநாதமும், அவர் பெயரில் 1997-ல் வந்த மருத்துவக் கல்லூரியும்தான் ஞாபகம் வரும். இது அந்தக் கேஏபி இல்லை.) குழந்தை மருத்துவத்தில் ஆசையுள்ள பிள்ளைகள் என்னிடம் கொண்டுவருவது பெரும்பாலும் இதே அச்சுதான். ஒருத்தர் தாய்ப்பால், ஒருத்தர் தடுப்பூசி, ஒருத்தர் ஓஆர்எஸ் கரைசல். கேட்கப்படுகிறவர்கள் மட்டும் மாறுவதில்லை: 100 தாய்மார்.

ஏன் 100? அதில் ஒரு ரகசியமும் இல்லை. மருத்துவ மாணவர்கள் மனப்பாடமாகச் சொல்லும் சூத்திரம் ஒன்று உண்டு, நாலு பி க்யூ பை டி ஸ்கொயர். பாதிப் பேருக்குச் சரியான அறிவு இருக்கும் என்று வைத்துக்கொண்டு, பிழை வரம்பாக 10 சதவீதப் புள்ளிகள் கொடுத்தால் விடை 100. அதையே 5 ஆக்கினால் 400. இரண்டு மாதத்தில் வகுப்புக்கும் போய்க்கொண்டு 400 தாய்மாரிடம் பேச முடியாது. ஆகவே பிழை வரம்பு 10 ஆகிவிடுகிறது. கடைசியில் 50 சதவீதம் என்று விடை வந்தால், உண்மை 40-ஆகவும் இருக்கலாம், 60-ஆகவும் இருக்கலாம். அந்த விடையை வைத்து எந்த வார்டில் எதை மாற்றுவது? முதலில் நாட்காட்டியைப் பார்த்து எண்ணிக்கையை முடிவுசெய்துவிட்டு, சூத்திரத்தை அதற்குச் சாட்சி சொல்லக் கூப்பிடுகிறோம். நானும் எத்தனையோ பேருக்கு இந்தச் சாட்சியைச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

எண்ணிக்கையை விட மோசம் பதில். பிரசவ வார்டில், வெள்ளைக் கோட்டு போட்ட ஒரு பெண் வந்து "ஆறு மாசம் தாய்ப்பால் மட்டும்தான் குடுக்கணும், தெரியுமா?" என்று கேட்டால், எதிரே சுவரில் அதே வாசகம் எழுதியிருக்கும்போது, எந்தத் தாய் தெரியாது என்பாள்? தேசியக் குடும்பநல ஆய்வு இந்தச் சிக்கலை எப்படிச் சமாளிக்கிறது என்று பாருங்கள். ஆறு மாதமாக என்ன கொடுத்தாய் என்பதை வைத்து அது கணக்குப் போடுவதில்லை. நேற்று பகலும் இரவும் குழந்தை வாயில் என்னென்ன போனது என்று கேட்டு அதை வைத்துக் கணக்கிடுகிறது. கேள்வியை இப்படிப் போடக் கற்றுக்கொள்வதே ஒரு பயிற்சி. நம் பிள்ளைகளுக்குக் கிடைப்பதோ சீனியர் கொடுத்த கேள்வித்தாளின் ஜெராக்ஸ்.

இன்னொன்றும் எனக்கு உறுத்துகிறது. இந்தக் குழந்தை மருத்துவ ஆராய்ச்சிகளில் குழந்தையையே காணோம். காரணம் புரிகிறது. ஐசிஎம்ஆரின் 2017 நெறிமுறைப்படி பெற்றோர் சம்மதம் மட்டும் போதாது. 7 வயதிலிருந்து குழந்தையிடமும் வாய்மொழி இசைவு வாங்க வேண்டும், 12-க்கு மேல் எழுத்தில். பத்து வயசுப் பையனுக்கு ஆராய்ச்சி என்றால் என்னவென்று அவன் பாஷையில் விளக்கி, "வேண்டாம்" என்று சொல்லும் உரிமை உனக்கு உண்டு என்று சொல்லிக் கற்பது எவ்வளவு பெரிய பாடம். எத்திக்ஸ் கமிட்டியில் தாமதமாகிவிடும் என்று பயந்து அந்தப் பாடத்தைத்தான் முதலில் தவிர்க்கிறார்கள்.

குழந்தை மருத்துவத்தின் அடிப்படையே காலம். வளர்கிற ஒன்றை ஒரே நாளில் பார்த்து ஒன்றும் சொல்ல முடியாது. வேலூரில் சிஎம்சி ஆட்கள் ரோட்டா வைரஸை ஆராய்ந்த விதம் தெரிந்திருக்கலாம். 452 குழந்தைகளைப் பிறந்ததிலிருந்து சேர்த்தார்கள், மூன்று வருஷம் முழுக்கப் பின்தொடர முடிந்தது 373 பேரை. இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை மலப் பரிசோதனை. 2011-ல் முடிவு வெளியானது. முன்னால் மெக்சிகோவில் நடந்த ஆய்வில், இரண்டு தடவை தொற்று வந்த குழந்தைகளுக்குப் பிறகு கடுமையான வயிற்றுப்போக்கு வரவில்லை. வேலூரிலோ மூன்று தடவைக்குப் பிறகும் பாதுகாப்பு 79 சதவீதம்தான். நம் ஊர்க் குழந்தைக்குத் தடுப்பு மருந்து எவ்வளவு வேலை செய்யும் என்ற கேள்விக்கு இது எவ்வளவு முக்கியம் என்று தனியாகச் சொல்ல வேண்டாம். இதை இரண்டு மாதத்தில் செய்ய முடியாது. ஆனால் இப்படி நடந்துகொண்டிருக்கிற ஒரு வேலைக்குள் இரண்டு மாதம் ஒரு மாணவியை விட முடியும். தெருத்தெருவாகப் போய் எடை பார்க்கட்டும், டப்பாவில் லேபிள் ஒட்டட்டும், விட்டுப்போன 79 குழந்தைகள் ஏன் விட்டுப்போனார்கள் என்று யோசிக்கட்டும்.

எஸ்டிஎஸ் இதற்கு நேர்மாறானது. இரண்டாம் ஆண்டுப் பிள்ளையை, தானே தலைமை ஆய்வாளர் மாதிரி தலைப்பிலிருந்து முடிவுரை வரை எல்லாவற்றையும் இரண்டு மாதத்தில் நடித்துக் காட்டச் சொல்கிறது.

துவக்க விழாக்களில் சார்லஸ் பெஸ்ட் கதையைச் சொல்லாமல் விட மாட்டார்கள். 1921 கோடையில் டொரண்டோவில் பாண்டிங்கோடு வேலைசெய்த மாணவர், இன்சுலின் கண்டுபிடிப்பில் பங்கு, 1922 ஜனவரியில் லியோனார்ட் தாம்ப்சன் என்ற 14 வயதுப் பையனுக்கு முதல் ஊசி. எல்லாம் உண்மை. சொல்லாமல் விடுவது மிச்சப் பாதியை. கேள்வி பாண்டிங்குடையது. பெஸ்டின் வேலை நாய்களுக்குச் சர்க்கரை எவ்வளவு என்று நாள் தவறாமல் அளப்பது. அந்தக் கோடையை இரண்டு மாணவர்கள் பங்குபோட்டுக்கொள்வதாகத்தான் ஏற்பாடு, முதலில் யார் என்று காசு சுண்டிப் பார்த்தார்களாம். தன் முறை முடிந்தும் பெஸ்ட் போகவில்லை. அவருக்கு வாய்த்தது இன்னொருவருடைய கேள்விக்குள் ஒரு இடமும், தேதி முடிந்தும் தங்க அனுமதியும்.

அமெரிக்காவில் குழந்தை மருத்துவ ஆராய்ச்சிச் சங்கங்கள் சேர்ந்து நடத்தும் கோடைத் திட்டத்தில் மாணவரைச் சொந்தக் கல்லூரியில் விடாமல் வேறொரு ஆய்வுக்கூடத்துக்கு எட்டுப் பத்து வாரம் அனுப்புகிறார்கள். இங்கே தன் காலேஜ், தன் கைடு, தன் வார்டு. பஸ் செலவு மிச்சம், அவ்வளவுதான்.

சரி, சொந்த வார்டில் இரண்டு மாதத்தில் ஒன்றுமே முடியாதா? முடியும். 1956-ல் இங்கிலாந்தின் எசெக்ஸில் ஒரு மருத்துவமனையில் வார்ட் என்ற நர்ஸ் குறைமாதக் குழந்தைகளை வெயில் காட்டக் கொண்டுபோவார். ஒரு நாள் டாக்டர்களிடம் ஒரு குழந்தையைத் திறந்து காட்டினார். உடம்பெல்லாம் வெளுத்திருக்க, துணி மூடியிருந்த இடம் மட்டும் முக்கோணமாக மஞ்சள். காமாலைக்கு இன்று கொடுக்கிற நீல விளக்குச் சிகிச்சை அங்கிருந்துதான் தொடங்கியது. (அதற்காக வீட்டில் வெயில் காட்டினால் போதும் என்று நினைக்க வேண்டாம், டாக்டரிடம் காட்டுங்கள்.)

நம் பெண்ணும் ஒன்றைப் பார்த்தாள். 100 தாய்மார் டேட்டாவோடு மறுபடி வந்தபோது பேச்சுவாக்கில் சொன்னாள்: "அங்கிள், ஒண்ணு கவனிச்சேன். ரெஜிஸ்டர்ல எடை எல்லாம் ரெண்டரை, ரெண்டரைன்னே இருக்கு. ரெண்டு நானூத்தம்பதுன்னு பார்க்கவே முடியல."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. 2,500 கிராமுக்குக் கீழே பிறந்தால் எடை குறைந்த குழந்தை. சரியாக 2,500 என்றால் கணக்கில் வராது. 2,450 கிராம் குழந்தையை யாரோ முழு எண்ணாக்கி எழுதினால், கூடுதல் கவனிப்பு வேண்டிய பிள்ளை அந்த வரியோடு பட்டியலிலிருந்து நழுவிவிடுகிறது. எழுதுகிறவர் பழக்கமா, தராசின் கோடா, ராத்திரி ஷிப்டின் களைப்பா? பழைய ரெஜிஸ்டர்களை எடுத்துக் கடைசி இலக்கங்களை எண்ணினால் இரண்டு மாதத்துக்குள் பாதி தெரிந்துவிடும். ஒரு டிஜிட்டல் தராசில் மறுபடி நிறுத்துப் பார்த்தால் மீதியும் தெரியும். கேள்வி அவளுடையது. குழந்தையும் இருக்கிறது அதில்.

ஆனால் தலைப்பு ஏற்கெனவே அங்கீகரிக்கப்பட்டது தாய்ப்பாலுக்கு. அறிக்கையில் இதை எழுத இடமில்லை. சதவீதங்களைப் போட்டுக்கொடுத்தேன், அனுப்பினாள், சான்றிதழும் வந்தது.

பொங்கலுக்கு வந்திருந்தபோது கேட்டேன், அந்த ரெஜிஸ்டரை எண்ணினியாம்மா என்று.

"புதுசா எத்திக்ஸ் அப்ளிகேஷன் போடணும் அங்கிள். கைடு அடுத்த பேட்ச்சுக்குத் தடுப்பூசி கேஏபி எடுத்துட்டாரு."