தூத்துக்குடியின் கடலோரக் குடியிருப்புகளும் தனியார் முதலீடும்

அடிப்படை வசதி குறைந்த நகர்ப்பகுதிகளை, வீடு, கடை, தொழிற்கூடம், பொதுவெளி ஆகிய நான்கும் கலந்த குடியிருப்புகளாகத் தனியார் பணத்தைக் கொண்டு மாற்றுவது என்ற கருத்து 1990களிலிருந்து இந்திய நகர்ப்புறக் கொள்கையில் இடம்பெற்று வருகிறது. அரசிடம் போதிய பணம் இல்லை, முதலீட்டாளரிடம் இருக்கிறது, உரிய சலுகை தந்தால் அவர் வருவார் என்பதே இதன் அடிப்படை. இந்தக் கருத்தை உரசிப் பார்க்கத் தூத்துக்குடி பொருத்தமான ஊர். துறைமுகத்தை நம்பி நூறாண்டுக்கும் மேலாகப் பெருமுதலீடு வந்து இறங்கிய நகரம் இது. ஆனால் கடலுக்கு மிக அருகில் வாழும் மக்களின் தெருக்களுக்குள் அந்தப் பணம் நுழையவில்லை. முதலீட்டாளரை அழைத்தது போதவில்லை என்று இதற்குக் காரணம் சொல்லப்படுவதுண்டு. உண்மையில் குறை அழைப்பில் இல்லை, வரிசையில் இருக்கிறது. குடியிருப்பவரின் உரிமையும் பங்கும் உறுதியாகும் முன்பே முதலீட்டாளர் அழைக்கப்படுகிறார்.

முதலீடு வந்த ஊர்

ஹார்வி நிறுவனத்தின் கோரல் நூற்பாலை பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே தூத்துக்குடியில் இயங்கியது. 1974-ல் துறைமுகம் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டது. உர ஆலையும் அனல் மின் நிலையமும் தொடர்ந்தன. 1996-ல் தாமிர உருக்காலை உற்பத்தியைத் தொடங்கியது. 2025 ஆகஸ்டில் வியட்நாமின் வின்ஃபாஸ்ட் மின்வாகன ஆலை திறக்கப்பட்டது. முதலீட்டை ஈர்க்கும் திறமை இந்த ஊருக்கு இல்லை என்று எவரும் சொல்ல முடியாது.

இதே காலத்தில் கடலோரத்தில் வேறொன்று நடந்தது. நகரத்துக்கு முத்துநகர் என்ற பெயரைத் தந்த முத்துக்குளிப்பு 1961-ஆம் ஆண்டோடு முடிந்தது. குளியாளிகளுக்குச் சங்கு குளிப்பது மட்டுமே எஞ்சியது. திரேஸ்புரம், சங்குகுளி காலனி, இனிகோ நகர், ரோச் காலனி போன்ற பகுதிகள் நாட்டுப்படகையும் சங்கையும் கருவாட்டையும் நம்பி நின்றன. நகரின் கழிவுநீரைச் சுமந்து வரும் பக்கிள் ஓடை கடலில் கலப்பது திரேஸ்புரத்துக்கு அருகில்தான். 2018 மே 22, 23 தேதிகளில் தாமிர ஆலைக்கு எதிரான போராட்டத்தின்போது நடந்த துப்பாக்கிச்சூட்டில் 13 பேர் உயிரிழந்தனர். அவர்களில் ஒருவர் திரேஸ்புரத்திலேயே சுடப்பட்டவர். முதலீட்டின் ஆதாயம் ஒரு பக்கமும் அதன் கழிவும் இழப்பும் மறுபக்கமும் போய்ச் சேர்ந்ததை இந்த ஒரு பகுதியின் கதையே காட்டும்.

ஏற்கெனவே கலந்திருக்கும் குடியிருப்பு

கலப்புப் பயன்பாட்டுக் குடியிருப்பு என்பதைத் திட்ட அறிக்கைகள் புதிய கண்டுபிடிப்பாக முன்வைக்கின்றன. மீனவர் தெருவுக்கு அது புதிதல்ல. வீட்டு வாசலில் வலை சீர்செய்கிறார்கள். திறந்தவெளியில் கருவாடு காய்கிறது. முன்னறை பலசரக்குக் கடையாகிறது. இரண்டு வீடு தள்ளிப் படகு எஞ்சின் பழுதுபார்க்கும் பட்டறை இருக்கிறது. கரையே ஏலம் நடக்கும் சந்தை. வீட்டுக்கும் தொழிலுக்கும் இடையே உள்ள தூரம் சில அடிகள்தான். அந்த அடிகளில்தான் பெண்களின் வருமானம் இருக்கிறது. கூடையைத் தலையில் வைத்து விற்கப் போகிறவருக்கும் மீனைக் கீறி உப்பிட்டுக் காயவைக்கிறவருக்கும் கரையை விட்டுத் தள்ளிப்போன அடுக்குமாடி வீடு என்பது வேலையிழப்பு.

இந்தப் பகுதிகளில் தனியார் பணமே இல்லை என்பதும் தவறு. படகுக்கும் வலைக்கும் வியாபாரி முன்பணம் தருகிறார். முன்பணம் வாங்கியவர் மீனை அவர் வழியாகவே விற்றாக வேண்டும். பாடு குறைந்த நாளிலும் கடன் நிற்கும். இதுவும் முதலீடுதான். ஆனால் இந்தப் பணம் மீனைத் தொட்டுவிட்டுப் போய்விடும். தெருவுக்கு ஒரு வடிகாலைக்கூட விட்டுச் செல்லாது. ஆகவே, எவ்வளவு பணம் வருகிறது என்பதற்கு முன்னால், அது எந்த நிபந்தனையில் வருகிறது என்று கேட்க வேண்டியிருக்கிறது.

நிலத்தை மூலதனமாக்கும் முறை

இந்தியாவில் இந்த நோக்கத்துக்குப் பரவலாகக் கையாளப்பட்ட முறை மும்பையில் உருவானது. 1995-ல் அங்கே குடிசைப் பகுதி மறுவாழ்வுக்கெனத் தனி ஆணையம் அமைக்கப்பட்டது. குடிசைவாசிக்கு அதே இடத்தில் 225 சதுர அடி வீடு இலவசம். இந்த அளவு பின்னர் உயர்த்தப்பட்டது. அதைக் கட்டும் நிறுவனத்துக்கு எஃப்.எஸ்.ஐ. எனப்படும் தளப்பரப்புக் குறியீடு கூடுதலாக வழங்கப்படும். அந்தக் கூடுதல் பரப்பைச் சந்தையில் விற்று அது லாபம் பார்க்கும். அரசு பணம் போடவில்லை. நிலத்தின் விலையே எல்லாச் செலவையும் சுமந்தது.

இந்த முறைக்குள் இரண்டு விளைவுகள் புதைந்திருக்கின்றன. முதலாவது, நிலம் விலை போகும் இடத்துக்கு மட்டுமே கட்டுமான நிறுவனம் வரும். இரண்டாவது, குறிப்பிட்ட தேதிக்கு முன்பிருந்தே குடியிருப்பதை நிரூபிக்க முடியாதவர் கணக்கிலிருந்து விழுந்துவிடுவார். மும்பையில் இரண்டும் நடந்தன. டெல்லியின் கத்புத்லி காலனியில் 2009-ல் தனியார் நிறுவனத்தோடு ஒப்பந்தம் போடப்பட்டது. பொம்மலாட்டக் கலைஞர்களும் கைவினைஞர்களும் தற்காலிக முகாமுக்கு அனுப்பப்பட்டனர். வீடு கிடைக்கும் என்று சொன்ன காலக்கெடு பலமுறை கடந்தது. 2015-ல் தொடங்கிய பிரதமர் வீட்டுவசதித் திட்டத்திலும் குடிசைப்பகுதி நிலத்தை மூலதனமாகக் கொண்டு தனியாரை ஈர்க்க ஒரு பிரிவு இருந்தது. அந்தத் திட்டத்தில் கட்டப்பட்ட வீடுகளில் இப்பிரிவின் பங்கு மிகச் சிறியது. 2024-ல் வந்த இரண்டாம் கட்டத்தில் அது இடம்பெறவே இல்லை.

வெளிநாட்டில் வெற்றிக் கதையாகச் சொல்லப்படும் அட்லாண்டாவின் ஈஸ்ட் லேக் பகுதியிலும் இதன் நிழல் உண்டு. அங்கே 650 அரசு வீடுகள் இடிக்கப்பட்டு 1990களின் இறுதியில் 542 வீடுகள் கொண்ட கலப்புக் குடியிருப்பு எழுந்தது. புதிய வீடுகளில் பாதி மட்டுமே ஏழைகளுக்கு ஒதுக்கப்பட்டது. பள்ளி மேம்பட்டது, குற்றம் குறைந்தது, அந்த இடம் செழித்தது. ஆனால் பழைய குடும்பங்களில் பெரும்பகுதி அந்தச் செழிப்புக்குள் இல்லை. பகுதி முன்னேறுவதும் அங்கே வாழ்ந்தவர் முன்னேறுவதும் வேறு வேறு என்பதற்கு இதுவே சான்று.

தூத்துக்குடிக்கு இதைப் பொருத்தினால் சிக்கல் இருபுறமும் நெருக்குகிறது. மழைநீர் தேங்கும் உட்பகுதித் தெருக்களில் நிலத்தின் விலை இலவச வீட்டின் செலவைத் தாங்காது. எனவே கட்டுமான நிறுவனம் வராது. கடற்கரைச் சாலையை ஒட்டிய நிலத்துக்கு விலை உண்டு. அங்கே நிறுவனம் வரும், ஆனால் அதற்கு வேண்டியது மீனவர் படகை இழுத்து வைக்கும் அதே கரை. முதல் இடத்தில் திட்டம் நடக்காது. இரண்டாவது இடத்தில் நடந்தால் மீனவர் கரையை இழப்பார்.

ஸ்மார்ட் சிட்டி அனுபவம்

2015-ல் அறிவிக்கப்பட்ட ஸ்மார்ட் சிட்டி திட்டத்துக்குத் தூத்துக்குடி 2017-ல் தேர்வானது. நூறு நகரங்களும் சேர்ந்து வகுத்த சுமார் ரூ.2.05 லட்சம் கோடி மதிப்பிலான திட்டங்களில் ஐந்தில் ஒரு பங்கு, அதாவது ஏறத்தாழ ரூ.41,000 கோடி, அரசு-தனியார் கூட்டு முயற்சியில் வரும் என்று எதிர்பார்க்கப்பட்டது. நடைமுறையில் வந்தது அதில் சிறு பகுதியே. பெரும்பாலான வேலைகள் மத்திய, மாநில அரசுகளின் பணத்தில்தான் நடந்தன.

தூத்துக்குடியில் பழைய பேருந்து நிலையம் இடிக்கப்பட்டு, கடைகளோடும் வாகன நிறுத்தத்தோடும் புதிதாகக் கட்டப்பட்டது. சாலைகளும் வடிகால்களும் போடப்பட்டன. இவை தேவையான வேலைகள். ஆனால் வாடகை வரும் கட்டிடம் நகரின் நடுவில்தான் எழுந்தது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பெருமழையில் நகரின் தாழ்வான குடியிருப்புகள் நாள்கணக்கில் நீரில் நின்றன. தண்ணீர் வடியாத தெருவில் எந்த முதலீட்டாளரும் கடை கட்ட மாட்டார். வடிகால் முதலில் பொதுப்பணத்தில் வர வேண்டும், அதற்குப் பிறகுதான் தனியார் பணம் என்பதை அந்த மழை எல்லோருக்கும் புரிய வைத்தது. இந்த ஊருக்கு இது புதிய பாடமும் அல்ல. நகராட்சித் தலைவராக இருந்த ராவ் பகதூர் குரூஸ் பர்னாந்து வல்லநாட்டிலிருந்து தாமிரபரணித் தண்ணீரைக் கொண்டுவந்ததற்காகவே இன்றும் நினைக்கப்படுகிறார்.

மகமை, பேட்டை, பங்கு

சமூகத்தின் பணத்தைத் திரட்டிப் பொதுவசதி அமைப்பது தென்தமிழகத்தில் பழைய வழக்கம். நாடார் வணிகர்கள் தாங்கள் விற்ற சரக்கின் மீது மகமை என்ற சிறு தொகையை வசூலித்தனர். அந்தப் பணத்தில் பேட்டைகள் எழுந்தன. சரக்கு வைக்கும் கிடங்கு, வண்டி மாடு கட்டும் இடம், வணிகர் தங்கும் இடம் எல்லாம் ஒரே மதிலுக்குள் இருந்தன. பின்னாளில் பள்ளிகளும் அதே பணத்தில் வந்தன. 1921-ல் தூத்துக்குடியில் தொடங்கிய நாடார் வங்கி, இன்றைய தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி, அந்தச் சேமிப்புப் பழக்கத்தின் தொடர்ச்சி. மீனவ ஊர்களில் பாட்டில் ஒரு பங்கு கோயிலுக்குப் போவதும் இதே வகையானது.

1906-ல் வ.உ.சிதம்பரம் பிள்ளை தொடங்கிய சுதேசி நாவாய்ச் சங்கம் இன்னும் ஒரு படி மேலே போனது. ரூ.10 லட்சம் மூலதனம், பங்கு ஒன்று ரூ.25 வீதம் 40,000 பங்குகளாகப் பிரிக்கப்பட்டது. பொதுமக்களிடம் பங்கு விற்று இரண்டு கப்பல்கள் வாங்கப்பட்டன. ஊர்க்காரரே ஊரின் முதலீட்டாளராகலாம் என்பதை அந்தச் சங்கம் காட்டியது.

இவற்றைப் புகழ்ந்து நிறுத்திவிட முடியாது. மகமை சாதிக்குள் சுழன்ற பணம். மதிலுக்கு வெளியே இருந்தவருக்குப் பேட்டையில் இடமில்லை. 25 ரூபாய் என்பது அன்றைய ஆலைத் தொழிலாளிக்கு எட்டாத தொகை. கட்டணத்தைக் குறைத்துக்கொண்டே போன ஆங்கிலேயக் கப்பல் நிறுவனத்தின் போட்டியையும் அரசின் அடக்குமுறையையும் தாங்காமல் சுதேசிச் சங்கம் சில ஆண்டுகளில் கலைந்தது. உள்ளூர்ப் பணத்துக்கு அரசின் துணை இல்லாவிட்டால் பெரும்பணம் அதை விழுங்கிவிடும் என்பதும் அந்த வரலாற்றில் இருக்கிறது.

ஆலந்தூர் காட்டிய வழி

உள்ளூர்ப் பணமும் அரசின் துணையும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்குச் சென்னையை அடுத்த ஆலந்தூர் எடுத்துக்காட்டு. 1990களின் இறுதியில் அந்த நகராட்சி பாதாளச் சாக்கடைத் திட்டத்தைத் தொடங்கியபோது, வீட்டுக்கு ரூ.5,000 வீதம் மக்களிடம் முன்கூட்டியே வைப்புத்தொகை வாங்கப்பட்டது. தமிழ்நாடு நகர்ப்புற மேம்பாட்டு நிதியம் கடன் தந்தது. இந்த நிதியமே 1996-ல் மாநில அரசும் தனியார் நிதி நிறுவனங்களும் சேர்ந்து அமைத்ததுதான். கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தைத் தனியார் தன் பணத்தில் கட்டி இயக்கினார். 2002-03ல் இதே நிதியத்தின் முயற்சியில் 13 சிறிய உள்ளாட்சிகள் ஒன்றுசேர்ந்து, சுமார் ரூ.30 கோடிக்குக் கடன் பத்திரம் வெளியிட்டன. தனித்தனியாகப் போயிருந்தால் அவற்றுக்குச் சந்தையில் கடன் கிடைத்திருக்காது.

ஆலந்தூரில் தனியார் கடைசியாகத்தான் வந்தார். மக்கள் பணம் கட்டியது முதல் படி, அரசு நிதியம் நம்பிக்கை தந்தது இரண்டாவது படி. ஆனால் ஆலந்தூர் நடுத்தர வர்க்கத்தினர் நிறைந்த புறநகர். கடன் சுமந்த மீனவக் குடும்பத்திடம் அதே வைப்புத்தொகையைக் கேட்பது நியாயமாகாது. அங்கே பணத்துக்குப் பதிலாக வேறு பங்கு தேவை. 1980-ல் உருவான தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு கேரளத்திலும் கன்னியாகுமரிக் கடற்கரையிலும் அதற்கு ஒரு வழியைக் காட்டியிருக்கிறது. கரையில் நடக்கும் முதல் விற்பனையை ஊர்ச் சங்கமே நடத்தும். அதிலிருந்து கடன் தவணையும் சேமிப்பும் பிடித்துக்கொள்ளும். வியாபாரியின் முன்பணத்திலிருந்து மீனவர் விடுபட இது உதவியது. தினமும் கணக்கில் ஏறும் இந்த விற்பனையைப் பார்த்து ஒரு வங்கி கடன் கொடுக்க முடியும்.

மதிப்பீடு

முதலீட்டை ஈர்க்க வேண்டும் என்ற நோக்கம் தவறல்ல. ஐஸ் ஆலை, குளிர்பதனக் கிடங்கு, சுத்தமான ஏலக்கூடம், அதன் மேல்தளத்தில் வலை சீர்செய்யும் கூடம், அருகில் கடைகள் என ஒரு வளாகம் திரேஸ்புரத்தில் அமைந்தால் அதனால் எல்லோருக்கும் நன்மை உண்டு. அதற்குத் தனியார் பணமும் தேவைப்படும். அந்த வளாகம் யாருடைய நிலத்தில் நிற்கும், வாடகையில் யாருக்குப் பங்கு, கரையில் முதல் உரிமை யாருக்கு என்பவற்றை முதலீட்டாளர் வந்தபின் பேசினால் மீனவர் மனு கொடுப்பவராகத்தான் நிற்பார். வரும் முன்பே முடிவாகியிருந்தால் அவர் பங்குதாரராக உட்கார்வார்.

கடலோர ஒழுங்குமுறை மண்டலம் குறித்த 2011 அறிவிக்கை, மீனவர்களின் நீண்டகால வீட்டுத் தேவையையும் அவர்களுடைய பொதுப் பயன்பாட்டு இடங்களையும் வரைபடத்தில் குறிக்கச் சொன்னது. படகு நிறுத்தும் கரையும் கருவாடு காயும் வெளியும் அந்த வரைபடத்தில் ஏறி, பட்டாவும் ஊர்ச் சங்கத்தின் பெயரில் கூட்டு உரிமையும் உறுதியாவதே முதல் வேலை. இரண்டாவது, பொதுப்பணத்தில் வடிகால். மூன்றாவதாக முதலீட்டாளர் வரலாம். இந்த வரிசையில் வரும் பணம் மெதுவாகத்தான் வரும், லாபமும் அளவாகத்தான் இருக்கும். ஆனால் வளாகம் எழுந்த பிறகும் அதே தெருவில் அதே குடும்பங்கள் இருக்கும்.