பேய் பேசும் மொழி

அச்சம் என்னும் மெய்ப்பாடு பிறக்கும் இடங்களைத் தொல்காப்பியர் நான்காக வகுத்தார். அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை என்பன அவை. 2005-ஆம் ஆண்டு சித்திரை முதல் நாளில் திரைக்கு வந்த ‘சந்திரமுகி’யில் ஆடல்மகள் ஒருத்தியின் ஆவி உண்டு, மாளிகையில் திரியும் பாம்பு உண்டு, கொடுங்கோல் மன்னன் வேட்டையனும் உண்டு. கள்வர் மட்டுமே குறை. பழைய இலக்கணம் திரையரங்கின் இருளிலும் செல்லுபடியாவது தமிழாசிரியர்க்கு மகிழ்ச்சி தரக்கூடும். ஆயினும் பேய்ப்படம் பார்ப்போர் உண்மையில் அஞ்சுவது எதனை என்று சற்றே நின்று நோக்கினால், கண்ணுக்குப் புலனாகும் உருவத்தைவிடக் காதில் விழும் குரலே மிகுதியும் அச்சுறுத்துவது விளங்கும். கண்ணை மூடிக்கொண்டால் உருவம் மறைந்துவிடும், குரல் மறைவதில்லை. மென்மையாகப் பேசிவந்த பெண் வேறொரு குரலில், வேறொரு மொழியில் வாய் திறக்கும் அந்த ஒரு நொடிக்காகவே இவ்வகைப் படங்கள் எடுக்கப்படுகின்றன எனலாம். அந்தக் குரல் யாருடையது என்பதே இங்கு ஆராயத்தக்கது.

தமிழ் வழக்கு இதில் ஒரு நுட்பம் காட்டுகிறது. சாமி ‘வருகிறது’, அருள் ‘இறங்குகிறது’, பேயோ ‘பிடிக்கிறது’. சிங்கப்பூரில் தைப்பூசத்தன்று சிராங்கூன் சாலைப் பெருமாள் கோயிலிலிருந்து தேங்க் சாலை முருகன் கோயில் நோக்கிக் காவடி எடுத்துச் செல்வோரிடையே ஒருவர் தம்மை மறந்து ஆடினால் எவரும் ஓடி ஒளிவதில்லை. திருநீறு இட்டு வணங்குகின்றனர். சீனர் கோயில்களில் சாமியாடுவோரும், மலாய்க்காரரின் ‘கூடா கெப்பாங்’ என்னும் குதிரையாட்டத்தில் மெய்ம்மறப்போரும் இந்நகரத்தார்க்குப் புதியவர் அல்லர். மெய்ம்மறத்தல் ஒன்றுதான். அதனை அருள் என்பதா, பேய் என்பதா, நோய் என்பதா என்று பெயரிடுவோர் சுற்றி நிற்பவர்களே. மறந்து நிற்பவரை எவரும் கேட்பதில்லை.

1973-ஆம் ஆண்டின் இறுதியில் அமெரிக்காவில் வெளிவந்து உலகையே உலுக்கிய ‘தி எக்ஸார்சிஸ்ட்’ இவ்வகைப் படங்களுக்கெல்லாம் மூத்தது போல் நிற்கிறது. வில்லியம் பீட்டர் பிளாட்டி 1971-இல் எழுதிய புதினத்தை வில்லியம் ஃபிரீட்கின் படமாக்கினார். பன்னிரண்டு வயதுச் சிறுமி ரீகனைத் தீய ஆவி பற்றுகிறது. மருத்துவர் பலர் சோதித்துக் கைவிடவே, கத்தோலிக்கக் குருமார் வரவழைக்கப்படுகின்றனர். கட்டிலின் ஆட்டமும் கழுத்தின் திருப்பமும் பலர்க்கு நினைவிருக்கும். ஆனால் படத்தின் உயிர்நாடி அவற்றில் இல்லை. 1614-இல் வெளியிடப்பெற்ற உரோமைச் சடங்கு நூல், பேய் பிடித்தமைக்குரிய அடையாளங்களுள் ஒன்றாகக் கல்லாத மொழியைப் பேசுதலைக் குறிக்கிறது. ஐயுறும் இயல்பினரான காரஸ் என்னும் இளங்குரு இந்தச் சான்றைத் தேடிச் சிறுமியின் பிதற்றலை ஒலிநாடாவில் பதிந்து மொழியறிஞரிடம் கொண்டு செல்கிறார். விடை என்ன? அது வேற்று மொழியன்று. ஆங்கிலமே, பின்னிருந்து முன்னாகப் பேசப்பட்டது! அச்சிறுமியின் தாய்மொழியே தலைகீழாக நின்று யாருக்கும் விளங்காத மொழியாகிவிட்டது. பிறந்தநாளிலும் தொலைபேசியில் அழைக்காத தந்தையை எண்ணித் தாய் சீறுவதைக் கேட்டு நிற்கும் குழந்தையைப் படம் முன்பே காட்டியிருக்கிறது. இவ்விரண்டையும் இணைத்துப் பார்க்கும் பொறுப்பைப் பார்ப்பவரிடமே விட்டுவிட்டுப் படம் வேறு திசையில் விரைகிறது. அது படத்தின் குறையே. எனினும் அந்த ஒலிநாடாக் காட்சி ஒன்றே அதனைத் தன் வழித்தோன்றல்கள் பலவற்றினும் உயர்த்துகிறது.

தென்னாட்டுக்கு வருவோர் இம்மொழிச் சிக்கலை இன்னும் வியப்பான வடிவில் காண்பர். ‘சந்திரமுகி’யின் மூலம் 1993-இல் மது முட்டம் எழுதி பாசில் இயக்கிய ‘மணிச்சித்திரத்தாழ்’ என்னும் மலையாளப் படம். அதில் கங்கையைப் பற்றுவதாகக் கருதப்படும் நாகவல்லி தஞ்சாவூர் ஆடல்மகள். அவள் பேசுவது தமிழ். பி. வாசு கன்னடத்தில் ‘ஆப்தமித்ரா’வாகவும் (2004), தமிழில் ‘சந்திரமுகி’யாகவும் அக்கதையை எடுத்தபோது அவள் தெலுங்குப் பெண்ணானாள். 2007-இல் பிரியதர்சன் இந்தியில் எடுத்த ‘பூல் புலையா’வில் வங்காள மங்கையானாள். கதை ஊர் மாறுந்தோறும் பேயின் மொழியும் மாறுகிறது. ஆனால் எந்த ஊரிலும் அது அவ்வூர்க்காரர் மொழியாக இருப்பதில்லை. அண்டை வீட்டு மொழியே பேயின் மொழி! மலையாளப் படத்தில் அரங்கை நடுங்க வைப்பது தமிழ் என்பதைத் தமிழ் மாணவர் ஒருமுறை எண்ணிப் பார்த்தல் நன்று. ஒரே அடுக்குமாடித் தளத்தில் தமிழரும் மலையாளியும் தெலுங்கரும் மலாய்க்காரரும் சீனரும் வாழும் சிங்கப்பூரில் இது வெறும் திரைக்கதை உத்தி என்று ஒதுக்கத்தக்கதன்று. தீங்கு வெளியிலிருந்து வந்தது, வேற்று மொழி பேசிக்கொண்டு வந்தது என்றால், வீட்டார்க்கு நிம்மதி. தம் வீட்டில் என்ன நேர்ந்தது என்று அவர்கள் கேட்டுக்கொள்ள வேண்டியதில்லை.

ஊர்ப்புறப் பேயோட்டல் இதற்கு நேர்மாறானது. அங்கே பூசாரி உடுக்கை அடித்து முதலில் கேட்பது ‘நீ யார், எந்த ஊர், என்ன வேண்டும்’ என்பதைத்தான். வருகின்ற விடையும் அவ்வூர்த் தமிழிலேயே வரும். அகால மரணம் அடைந்த இன்னார் மகள் என்று பெயரும் குறையும் சொல்லும். அதன்பின் கேட்டது கொடுத்து, உச்சிமயிரைப் புளியமரத்தில் ஆணியால் அறைவர். ஆணி என்றதும் சிங்கப்பூரார்க்குப் பொந்தியானாக் நினைவுக்கு வரும். மகப்பேற்றில் இறந்த பெண்ணின் ஆவியான அவளைப் பிடரியில் ஆணி அறைந்து அடக்கினால் அழகிய மனைவியாகி அடங்கியிருப்பாள் என்பது மலாய் மக்கள் நம்பிக்கை. 1957-இல் கேத்தே-கெரிஸ் நிறுவனத்துக்காக இவளைப் படமாக்கியவர், தென்னிந்தியாவிலிருந்து வந்த இயக்குநர் பி. என். ராவ், மரியா மெனாடோ நடித்தார். அப்படத்தின் படிகள் இன்று கிடைக்காமற் போனது பெரும் இழப்பு. கருவுற்ற நிலையில் இறந்தவள் நினைவாகச் சுமைதாங்கிக் கல் நாட்டிய தமிழரும், அவளைப் பொந்தியானாக் எனக் கண்டு அஞ்சிய மலாய்க்காரரும் ஒரே துயரத்தைத்தான் இருவேறு வகையில் நினைவு வைத்திருந்தனர். அவர்கள் பேய் அவர்கள் மொழியே பேசியது.

சங்கப் புலவர்கள் இன்னும் ஒரு படி மேலே சென்றவர்கள். களவொழுக்கத்தில் மெலிந்த தலைவியைக் கண்ட தாய், கட்டுவிச்சியையும் வேலனையும் அழைக்கிறாள். கழங்கு பார்த்து, முருகு அணங்கியது என முடிவு கூறி, ஆடு பலியிட்டு வெறியாட்டு அயர்கின்றனர். தலைவியை எவரும் கேட்கவில்லை. அப்போது தோழி வாய் திறக்கிறாள். நோய்க்குக் காரணம் மலைநாடன் என்று அறத்தொடு நிற்கிறாள். நற்றிணையில் ஒரு தோழி முருகனையே முன்னிலைப்படுத்தி அவன் அறியாமையை எள்ளவும் துணிகிறாள். வெறியாட்டுக் களத்தின் நடுவே அதனை மறுக்கும் குரலுக்கு இடம் தந்த இந்தப் பாடல்களை வகுப்பில் வெறும் துறைப்பெயராகக் கடந்து செல்வது வருந்தத்தக்கது. இன்றைய பேய்ப்படங்களில் இல்லாதவள் இந்தத் தோழியே.

இது கலை பற்றிய குறை மட்டுமன்று. 2001 ஆகஸ்டு 6 அன்று இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில், மனநோயாளிகளை வைத்திருந்த விடுதியொன்றில் தீப்பற்றியபோது சங்கிலியால் பிணிக்கப்பட்டிருந்த 28 பேர் கருகி இறந்தனர். பேய் பிடித்தது, செய்வினை என்று கருதியும் உறவினர் பலர் நோயாளிகளை அவ்வூருக்குக் கொண்டுவருவது வழக்கமாயிருந்தது. சிங்கப்பூரிலும் மனநல மருத்துவமனையின் பழைய பெயரான ‘வுட்பிரிட்ஜ்’ நெடுங்காலம் தெருவில் ஏளனச் சொல்லாகவே வழங்கிற்று. ஏர்வாடித் துயருக்கு நான்காண்டுகள் கழித்து, தமிழ் நாட்டின் மிகப் பெரிய நடிகர் மனநல மருத்துவராகத் தோன்றி, ‘இது பேயன்று, நோய்’ என்று கோடிக்கணக்கானோர் முன் கூறியது சிறிய செயல் அன்று. அதற்காகச் ‘சந்திரமுகி’யைப் பாராட்டியே ஆகவேண்டும். ஆனால் அப்படம் சொன்ன சொல்லில் நிற்கவில்லை. மந்திரவாதியின் மதிப்பும் குறையாமல், பாம்பின் மருமமும் கலையாமல் பார்த்துக்கொள்கிறது. மருத்துவர் சரவணனும் மன்னன் வேட்டையனும் ரஜினிகாந்தே. கொன்றவனுக்கும் குணப்படுத்துபவனுக்கும் ஒரே முகம். சிந்தனைக்கு இடம் தரும் இந்த ஒற்றுமையைப் படம் கைத்தட்டலுக்குப் பயன்படுத்திக்கொண்டு போய்விடுகிறது. மலையாள மூலத்திலோ, பெற்றோரைப் பிரிந்து பாட்டியிடம் வளர்ந்த கங்கையின் இளமைத் தனிமை பொறுமையாகச் சொல்லப்படுகிறது. நாகவல்லியின் சீற்றம் கங்கை சொல்லாமல் வைத்திருந்த சீற்றமே என்று உணர அங்கே வழியுண்டு. சோபனாவுக்குச் சிறந்த நடிகைக்கான தேசிய விருது கிடைத்தது இவ்விரண்டையும் ஒரே முகத்தில் காட்டியதற்காகத்தான் எனக் கொள்ளலாம்.

முகம் ஒன்றுதான், குரல் இரண்டு. கங்கைக்கு மலையாளத்தில் பேசியவர் பாக்கியலட்சுமி. நாகவல்லியின் தமிழ், துர்க்கா என்னும் பின்னணிக் குரல் கலைஞருடையது. அவர் பெயர் படத்தில் இடம்பெறவில்லை. பாசில் அதனை வெளியிட்டது இருபது ஆண்டுகளுக்கும் பின்னரே. ‘தி எக்ஸார்சிஸ்டி’ல் ஆவிக்குக் குரல் தந்த மெர்சிடிஸ் மெக்கேம்பிரிட்ஜின் பெயரும் முதலில் வெளிவந்த படிகளில் இல்லை. அவர் முறையிட்டுப் போராடிய பின்னரே அது சேர்க்கப்பட்டது.