ஒலிநாடாவும் சுட்டுப்பொருளும்

ஆசிரியர் ஒருவரின் வகுப்புரை ஒலிநாடாவிற் பதிவாகிவிட்டால் அது முழுமையாகக் காக்கப்பட்டுவிட்டது என்னும் எண்ணம் பலரிடத்தும் உண்டு. அவ்வெண்ணம் எத்துணைக் குறையுடையது என்பதற்கு இயற்பியலறிஞர் ரிச்சர்டு ஃபைன்மனின் சொற்பொழிவு ஒன்று தக்க சான்றாகின்றது.

கலிபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தில் 1961 முதல் 1963 வரை அவர் மாணாக்கர்க்கு ஆற்றிய விரிவுரைகள் நாடாவிற் பதிவு செய்யப்பெற்றன. கரும்பலகையும் ஒளிப்படமாக எடுக்கப்பெற்றது. லெய்ட்டன், சான்ட்ஸ் ஆகிய இருவரும் அவரோடு சேர்ந்து அவற்றை மூன்று தொகுதிகளாக ஆக்கினர். கோள்கள் ஞாயிற்றைச் சுற்றி இயங்குமாறு பற்றி 1964 மார்ச்சு 13இல் அவர் தனியே ஆற்றிய உரை அவற்றுள் இடம்பெறவில்லை. அதன் நாடா எஞ்சியது; பலகையின் படங்கள் கிட்டவில்லை.

தமிழ் மாணாக்கர் கருதத்தக்க செய்தி இங்கேதான் உளது. கோளின் பாதை நீள்வட்டமாதலை ஃபைன்மன் வடிவ கணிதம் கொண்டே நிறுவுகின்றார். அத்தகைய உரையில் ‘இது’, ‘அக்கோடு’, ‘இங்கே’ என்பன போன்ற சுட்டுக்களே பொருளைத் தாங்குவன. சுட்டுச்சொல் தன்னளவிற் பொருள் நிரம்பாதது. சுட்டப்படுவது கண்முன் நிற்றல் வேண்டும். விரல் காட்டிய இடம் நாடாவிற் பதிவாவதில்லை.

லெய்ட்டனின் தாள்களிடையே ஃபைன்மனின் கைக்குறிப்புக்கள் சில கிடைத்த பின்னரே, டேவிட் குட்ஸ்டீனும் அக்கழக ஆவணக் காப்பாளராயிருந்த ஜூடித் குட்ஸ்டீனும் நிறுவலை மீட்டமைத்து 1996இல் நூலாக வெளியிட்டனர். விளக்கம், சொற்பொழிவின் எழுத்து வடிவம், ஒலிப்பதிவு ஆகிய மூன்றும் ஒருங்கே தரப்பெற்றமை அப்பதிப்பின் தனிச்சிறப்பு. மூலமும் உரையும் போல அவை நிற்கின்றன. பதிப்பாசிரியர் கருத்தைக் குரலோடு ஒப்பிட்டு மறுக்கவும் படிப்போர்க்கு இயலும். முன்னைய தொகுதிகளைப் படிப்போர்க்கோ, பேச்சு எங்கே முடிந்து திருத்தம் எங்கே தொடங்குகின்றது என்பது நூலளவிற் புலனாகாது.

நம்பிள்ளையின் திருவாய்மொழி விரிவுரைகளைக் கேட்டு வடக்குத் திருவீதிப்பிள்ளை எழுதியதே ஈடு முப்பத்தாறாயிரப்படி. அங்கே ஒப்பிடற்குக் குரல் இல்லை. ஆயினும் வினாவும் விடையுமாகச் செல்லும் பேச்சோட்டத்தை எழுதியவர் அழித்துவிடவில்லை. இக்காலத்துப் படியெடுப்போர் சிலர் ‘செம்மை’ என்னும் பெயரால், ஆசிரியர் தயங்கிய இடத்தையும் முன் கூறியதை மாற்றிக் கூறிய இடத்தையும் நீக்கிவிடுகின்றனர். ஒரு பாடத்தைக் கொள்வதா விடுவதா என அவர் எண்ணிய தடம் அத்தயக்கமே அன்றோ? ஏட்டின் பாடவேறுபாடுகளை ஒன்றுவிடாது அடிக்குறிப்பிற் காட்டுவோரே பேச்சின் வேறுபாட்டைத் துடைத்தெறிதல் வியப்பிற்குரியது.

தமிழ் வகுப்பிற் கரும்பலகையினும் கையிலுள்ள நூலே பெரிதும் சுட்டப்படும். ‘இவ்வடியில்’ என்று ஆசிரியர் கூறுங்கால் அவர் விரித்திருந்தது எப்பதிப்பு, எப்பக்கம் என்பது தெரியாவிடின், எழுத்து வடிவம் பிழையற்றதாயினும் பயன் குன்றும். அதனை அறிவிக்கவல்லன உடனிருந்து கேட்ட மாணாக்கரின் குறிப்பேடுகளே. நாடாவின் காந்தப்பூச்சு உதிருமுன் மின்னணுப்படி எடுத்தல் வேண்டும் என யாவரும் வலியுறுத்துகின்றனர்; அம்மாணாக்கர் வாழும்பொழுதே அவர்தம் குறிப்பேடுகளைத் திரட்டல் வேண்டும் என்பார் அரியர்.