வேண்டாம் என்று சொல்ல என்ன கமிஷன்?

ரியல் எஸ்டேட் விளம்பரங்களை யாரும் இலக்கியமாகப் படிப்பதில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை படித்துப் பாருங்கள். தமிழில் எதிர்காலத்தை இத்தனை நம்பிக்கையோடு எழுதுகிறவர்கள் வேறு யாரும் கிடையாது. மெட்ரோ வரப்போகிறது, ஐ.டி. பார்க் வரப்போகிறது, ஆறுவழிச் சாலை வரப்போகிறது. நிகழ்காலத்தில் இருப்பது நாலு எல்லைக் கல்லும் ஒரு வேப்பமரமும்தான். தூரத்தைக் கிலோமீட்டரில் சொல்ல மாட்டார்கள், நிமிஷத்தில்தான். தாம்பரத்திலிருந்து பதினைந்தே நிமிஷம்! எந்த வண்டியில், எந்த நேரத்தில் என்பது உங்கள் கற்பனைக்கு விடப்பட்டது.

இடம் மலை என்றால் உரைநடை கவிதையாகிவிடும். மேகம் தொடும் மனை, மூலிகைக் காற்று, முதலீட்டுக்கு முதலீடு, ஓய்வுக்கு ஓய்வு. இந்தக் கவிதை எழுபது கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து கொல்லிமலைக்கும் ஏறிவிட்டது.

கொல்லிமலையில் பதினான்கு நாடுகள். நாடு என்றால் பயந்துவிடாதீர்கள், சில சிற்றூர்கள் சேர்ந்தது ஒரு நாடு. செம்மேடு இருப்பது வாழவந்தி நாட்டில். வல்வில் ஓரியின் சிலை நிற்கும் ஊர். இருக்கிறவர்கள் பெரும்பாலும் மலையாளி என்ற பழங்குடி மக்கள். கேரளத்துக்காரர்கள் என்று நினைத்து ஓணம் வாழ்த்து சொல்லிவிடாதீர்கள், அவர்கள் பேசுவது தமிழ். மரவள்ளி, மிளகு, காபி, பலா என்று பிழைப்பு. 'வாழவந்தி' என்று பெயர் வேறு! விளம்பரம் எழுதுகிறவர் காசு கொடுத்தாலும் இதைவிட நல்ல பெயர் கிடைக்குமா?

பெயரை வைத்து நிலம் விற்கும் வித்தையைப் பற்றி ஒரு நல்ல நாடகம் இருக்கிறது. டேவிட் மாமெட் எழுதிய 'க்ளென்கேரி க்ளென் ராஸ்'. 1983-ல் லண்டனில் மேடையேறியது, 1984-ல் புலிட்சர் பரிசு வாங்கியது. மாமெட் இளைஞராக இருந்தபோது சிகாகோவில் ஒரு ரியல் எஸ்டேட் ஆபீஸில் வேலை பார்த்தவர். அங்கே கேட்ட பேச்சைத்தான் நாடகமாக்கினார்.

சிகாகோவில் உட்கார்ந்துகொண்டு, வெகு தூரம் தள்ளி ஃப்ளோரிடாவில் இருக்கும் நிலத்தை விற்கும் நாலு சேல்ஸ்மேன்களின் கதை. ஃப்ளோரிடா தோசைக்கல் மாதிரி தட்டையான பூமி. மனைக்கு வைத்த பெயரோ ஸ்காட்லாந்து மலைப் பள்ளத்தாக்குகளை நினைவூட்டும் க்ளென்கேரி. ஆபீஸில் போட்டி வைத்திருக்கிறார்கள். முதலில் வருகிறவருக்கு கெடிலாக் கார். இரண்டாவதுக்குக் கத்தி செட். மற்றவர்களுக்குச் சீட்டுக் கிழியும்.

நாடகத்தின் பெரிய பலம், யாரும் ஒருமுறைகூட அந்த நிலத்தைப் பார்ப்பதில்லை. சீன ரெஸ்டாரன்ட்டில் பேச்சு, ஆபீஸில் பேச்சு, அவ்வளவுதான். ரிக்கி ரோமா என்ற கெட்டிக்காரன் வாழ்க்கை, தனிமை, தைரியம் என்று என்னென்னவோ பேசி, கடைசியில்தான் வரைபடத்தை மேஜையில் விரிக்கிறான். கேட்டுக்கொண்டிருக்கும் அப்பாவி வாங்கிவிடுகிறான். மறுநாள் பெண்டாட்டி சொன்னதும் பணத்தைத் திருப்பிக் கேட்டு ஓடி வருகிறான். மூன்று நாளைக்குள் ரத்து செய்ய அங்கே சட்டத்தில் இடம் உண்டு. ரோமாவின் சாமர்த்தியமெல்லாம் அந்த மூன்று நாளை எப்படிக் கடத்துவது என்பதில்தான். நமக்கு அதுவும் கிடையாது. பத்திரம் பதிவான பிறகு 'மனசு மாறிட்டேன் சார்' என்று சப்-ரிஜிஸ்திராரிடம் போய் நின்றால் காபிகூடக் கிடைக்காது.

1992-ல் இது சினிமாவாக வந்தபோது, மேலிடத்திலிருந்து வந்து எல்லோரையும் கேவலமாகத் திட்டும் ஒரு பாத்திரத்தை மாமெட் புதிதாகச் சேர்த்தார். அலெக் பால்ட்வினின் அந்த ஏழு நிமிஷம்தான் படத்தில் மிகப் பிரபலம். எனக்கு அது படத்தின் குறையாகவே படுகிறது. நாடகத்தில் பயம் கண்ணுக்குத் தெரியாமல் எல்லோர் முதுகிலும் உட்கார்ந்திருந்தது. படத்தில் அதற்குக் கோட்டு மாட்டி, விலை உயர்ந்த வாட்ச் கட்டி, கவர்ச்சியாக்கிவிட்டார்கள். விளைவு? கண்டனமாக எழுதிய வசனத்தை விற்பனைக்காரர்களே உற்சாக உரையாகச் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள்.

இன்னொரு குறை நாடகத்திலேயே உண்டு. விற்கிறவன் இருக்கிறான், வாங்குகிறவன் இருக்கிறான். அந்த மண் முன்பு யாருடையது என்று ஒருவரும் கேட்பதில்லை.

இதை நம் ஊருக்கு மாற்றிப் பாருங்கள். தமிழ் சினிமாவில் புரோக்கர் வந்தால் சிரிக்கவேண்டும் என்பது எழுதாத விதி. கக்கத்தில் பை, வாயில் பொய். நிஜத்தில் கூடுவாஞ்சேரியிலோ, சேலம் புறநகரிலோ அவர் படும் பாடு அவ்வளவு சிரிப்பாக இல்லை. ஒரே மனைக்கு நாலு தரகர்கள் நிற்பார்கள். சர்வே எண்ணைச் சொன்னால் பார்ட்டி நேராக ஓனரிடம் போய்விடும் என்று பயந்து, தெருப் பெயரைக்கூட மறைப்பார்கள். மொட்டை வெயிலில் பத்துப் பேருக்கு சைட் காட்டினால் ஒன்று முடியலாம், முடியாமலும் போகலாம்.

கணக்குப் போடுவோம். நாற்பது லட்ச ரூபாய் மனை, இரண்டு பர்சென்ட் கமிஷன் என்று வைத்துக்கொள்ளுங்கள். எண்பதாயிரம். நடுவில் கை கொடுத்தவர்கள் நாலு பேர் என்றால் ஆளுக்கு இருபதாயிரம். அதே மனையில் ஏதோ சரியில்லை என்று தெரிந்து, 'வேண்டாம் சார், விட்டுடுங்க' என்று ஒருவர் சொன்னால் அவருக்கு என்ன கிடைக்கும்? பூஜ்யம். பெட்ரோல் செலவு தனி. அதைவிடக் கொடுமை, மறுநாளே இன்னொருவர் அதே மனையை உங்களுக்கே காட்டி, 'சாயங்காலம் வேற பார்ட்டி வருது, இப்பவே டோக்கன் போட்டுடுங்க' என்று முடித்துவிடுவார். உண்மை சொன்னவர் உங்களை இழந்தார், நீங்கள் பணத்தை இழந்தீர்கள்.

புரோக்கர் பொய் சொல்கிறார் என்று குறைப்படுகிறோம். உண்மைக்கு நாம் ஒரு விலை வைத்ததே இல்லை.

பாலு மகேந்திராவின் 'வீடு' (1988) இந்த விஷயத்தைப் பிடித்த படம். அர்ச்சனா ஒரு சின்ன வீடு கட்டத் தவிக்கிறார். கடன், லஞ்சம், சிமென்டில் கை வைக்கும் கான்ட்ராக்டர் என்று எல்லாவற்றையும் தாண்டி வருகிறார். கடைசியில் ஒரு அதிகாரி வந்து, இந்த இடம் குடிநீர் வாரியம் ஏற்கெனவே எடுத்துக்கொண்டது என்கிறார். படம் பார்த்தவர்களெல்லாம் அரசாங்கத்தைத் திட்டினார்கள். சரிதான். ஆனால் இன்னொன்றையும் கவனியுங்கள். அனுமதி கொடுத்தவர், சீல் வைத்தவர், கூலி வாங்கியவர் என எத்தனையோ பேரை அவள் கடந்து வருகிறாள். இந்த இடத்தில் கட்டாதே அம்மா என்று சொல்ல ஒரு ஆள் இல்லை. சொல்வது யாருடைய வேலையும் இல்லை.

இப்போது வாழவந்தி நாட்டுக்கு வருவோம். அங்கே ஒரு ஏக்கர் 'சீப்பாக' வருகிறது என்று யாரோ சொல்கிறார்கள். நீங்கள் உஷாரான ஆள், வில்லங்கச் சான்றிதழ் போட்டுப் பார்க்கிறீர்கள். சுத்தமாக இருக்கிறது. ஆனால் வில்லங்கச் சான்றிதழில் தெரிவது பதிவான பத்திரங்கள் மட்டும்தான். பட்டாவே நிபந்தனையோடு கொடுக்கப்பட்டதா என்பது அதில் வராது. மலையாளி மக்கள் வாழும் பகுதிகளில் அரசு ஒப்படைத்த நிலத்தை அனுமதியில்லாமல் கை மாற்றக்கூடாது என்று வருவாய்த் துறையின் நிலை ஆணை (15-40) சொல்கிறது. 2006-ம் ஆண்டின் வன உரிமைச் சட்டத்தில் கிடைத்த நிலம் பிள்ளைகளுக்குப் போகும், விற்க முடியாது. எல்லா நிலமும் அப்படியில்லை, முறையாக விற்கக்கூடிய பட்டா நிலமும் உண்டு. எது எது என்பது உள்ளூர்க்காரருக்குத்தான் தெரியும். எது யார் வீட்டுக்கு ஒரே ஆதாரம் என்பதும் அவருக்குத்தான் தெரியும்.

ஆந்திராவின் பழங்குடிப் பகுதிகளில் 1970-லேயே விதியைத் திருத்தி, பழங்குடியல்லாதவர் அங்கே நிலம் வாங்குவதைத் தடுத்தார்கள். அரசியல் சட்டத்தின் ஐந்தாவது அட்டவணை தரும் பாதுகாப்பு அது. அந்த அட்டவணையில் தமிழ்நாட்டின் எந்த மலையும் இல்லை. இங்கே காவலுக்கு இருப்பது ஒரு நிலை ஆணையும், உள்ளூர் மனிதர்களின் மனசாட்சியும். இரண்டையும் சேர்த்து விலை பேச இருபதாயிரம் கமிஷன் போதும்.

'அதான் ரெரா வந்துடுச்சே' என்பீர்கள். 2016-ல் சட்டம் வந்தது, 2017-ல் தமிழ்நாட்டில் விதிகள் வந்தன. நல்ல சட்டம். பதிவு செய்த திட்டத்தில் மனை விற்கும் ஏஜென்ட்டும் பதிவு செய்யவேண்டும். தவறினால் நாளொன்றுக்குப் பத்தாயிரம் ரூபாய் அபராதம், மனை விலையில் ஐந்து சதவீதம் வரை போகும். பொய் விளம்பரத்தை நம்பி ஏமாந்தால் வட்டியோடு பணத்தைத் திருப்பிக் கேட்கலாம். ஆனால் விவசாய நிலத்தை விவசாய நிலமாகவே, ஒரு ஏக்கர் இரண்டு ஏக்கராகக் கை மாற்றினால் ரெரா எட்டிப் பார்க்காது. மலையில் நடப்பது பெரும்பாலும் இந்த வகைதான்.

அமெரிக்காவிலும் கமிஷன் வியாதி தீரவில்லை. வீடு விற்பவரே இரு பக்கத் தரகர்களுக்கும் கமிஷன் கொடுக்கும் வழக்கத்தால் விலை ஏறுகிறது என்று வழக்குப் போட்டு, 2024-ல் தரகர் சங்கம் 41.8 கோடி டாலருக்கு சமரசம் செய்துகொண்டது. இப்போது வாங்குகிறவர் தன் தரகரோடு தனியாக எழுத்தில் கூலி பேசிக்கொள்ளவேண்டும். யார் பணம் கொடுக்கிறாரோ அவருக்காகத்தான் ஒருவர் வேலை பார்ப்பார் என்ற எளிய உண்மைக்கு இத்தனை கோடி செலவு.

நாம் செலவில்லாமல் செய்துகொள்ளலாம். டாக்டர் 'உங்களுக்கு ஒண்ணும் இல்லை' என்று சொன்னாலும் ஃபீஸ் கொடுக்கிறோம். வக்கீல் மூலப்பத்திரத்தைப் பார்த்துவிட்டு வாங்காதீர்கள் என்றாலும் கொடுக்கிறோம். வெயிலில் அலைந்து, ஊரில் நாலு பேரை விசாரித்து வரும் தரகருக்கு மட்டும் 'முடிஞ்சாதான் காசு' என்கிறோம்.

அடுத்த முறை இடம் பார்க்கப் போகும்போது இப்படிப் பேசிப் பாருங்கள்: 'அண்ணே, வாங்கினா உங்க கமிஷன் உங்களுக்கு. இந்த இடத்தை நான் ஏன் வாங்கக்கூடாதுன்னு சரியான காரணம் ஒண்ணு விசாரிச்சுச் சொன்னா அதுக்குத் தனியா அஞ்சாயிரம்.' சொன்னபடி கொடுத்தும் விடுங்கள். முதல் தடவை அவர் உங்களை ஒரு மாதிரிதான் பார்ப்பார்.