77 ரன்களும் ஒரு பையனும்

2018 மார்ச் 18, கொழும்பு பிரேமதாச மைதானம். கடைசிப் பந்தில் ஐந்து ரன் வேண்டும். தினேஷ் கார்த்திக் எக்ஸ்ட்ரா கவருக்கு மேலே அடித்த சிக்சர். தமிழ் பேசுகிற எந்த கிரிக்கெட் ரசிகரைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் '8 பந்தில் 29' என்று சொல்வார். அதே நிதாஹாஸ் கோப்பை இறுதிப்போட்டியில் வங்கதேசம் எடுத்த 166இல் 77 ரன் யார் அடித்தது என்று கேட்டால் கொஞ்சம் யோசிப்போம். அடித்தவர் சபீர் ரஹ்மான். அன்றைக்கு அவர் தண்டனைக் காலத்தில் இருந்தார்.

என்ன தண்டனை? 2017 டிசம்பரில் ராஜ்ஷாஹியில் ஒரு உள்நாட்டுப் போட்டி. பார்க்க வந்த சின்னப் பையன் ஒருவன், 12 வயது என்று செய்திகள் சொல்லின, அவரைப் பார்த்து ஏதோ கத்திக் கேலி செய்தான். ஆட்ட இடைவேளையில் சபீர் அவனை சைட் ஸ்கிரீனுக்குப் பின்னால் கூட்டிப்போய் அடித்தார் என்பது புகார். வங்கதேச கிரிக்கெட் வாரியம் சும்மா இருக்கவில்லை. ஒப்பந்தத்திலிருந்து நீக்கம், 20 லட்சம் டாக்கா அபராதம், ஆறு மாதத் தடை. காகிதத்தில் பார்த்தால் கடுமைதான். ஆனால் அந்தத் தடை உள்நாட்டுப் போட்டிகளுக்கு மட்டும். அதாவது டாக்காவில் ஒரு கிளப் மேட்ச் ஆடக்கூடாத ஆள், கொழும்பில் நாட்டின் சட்டை போட்டுக்கொண்டு இறுதிப்போட்டி ஆடலாம். ஆடினார், நன்றாகவே ஆடினார்.

கதை அங்கேயும் முடியவில்லை. அதே 2018இல் ஃபேஸ்புக்கில் ஒரு ரசிகரைத் திட்டி மிரட்டியதற்காக மறுபடியும் ஆறு மாதம், இந்த முறை சர்வதேசப் போட்டிகளுக்கு. அந்தக் காலம் முழுதாக முடியும் முன்பே நியூசிலாந்துப் பயணத்துக்கு அழைக்கப்பட்டார். 2019 பிப்ரவரியில் டனீடினில் சதம் அடித்தார்.

நான் கட்டுமானத் தளங்களில் வேலை பார்க்கும் பொறியாளன். எங்கள் தொழிலில் ஒரு விபத்து நடந்தால் அறிக்கை எழுத வேண்டும். யார் தவறு என்பது அதில் ஒரு வரி. மீதியெல்லாம் வேறு: தடுப்பு இருந்ததா, மேற்பார்வையாளர் எங்கே இருந்தார், இதே மாதிரி முன்னாடி நடந்திருக்கா, அடுத்த முறை நடக்காமல் இருக்க என்ன மாற்றம். சிங்கப்பூரின் 2006ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்புச் சட்டமும் அப்படித்தான் யோசிக்கிறது. இடத்தை வைத்திருப்பவருக்கும் பொறுப்பு உண்டு. சபீர் விவகாரத்தை அந்தப் படிவத்தில் போட்டுப் பாருங்கள். ஒரு ஆட்டக்காரர் ஒரு குழந்தையைக் கூட்டிக்கொண்டு திரைக்குப் பின்னால் போகிற வரைக்கும் மைதானத்தில் ஒருவர்கூடத் தடுக்கவில்லையா? இதைக் கேட்காத விசாரணை ஆளைத் தண்டிக்கும். மைதானம் அப்படியே இருக்கும். எட்டே மாதத்தில் அதே ஆள் மறுபடி வந்து நின்றதில் ஆச்சரியப்பட என்ன இருக்கு?

சரி, 'ஆட்டக்காரனும் மனுஷன்தானே, எவ்வளவுதான் தாங்குவான்?' என்ற கேள்வி நியாயமானது. அதற்கு எப்போதும் சொல்லப்படும் உதாரணம் டொராண்டோ. 1997 செப்டம்பர் 14, இந்தியா-பாகிஸ்தான் சஹாரா கோப்பை. புலம்பெயர்ந்த ரசிகர்களின் கூட்டம். ஒருவர் ஒலிபெருக்கி வைத்துக்கொண்டு இன்சமாம்-உல்-ஹக்கை உருளைக்கிழங்கு என்று விடாமல் கேலி செய்தார். இன்சமாம் மட்டையோடு கூட்டத்துக்குள் பாய்ந்தார். தண்டனை இரண்டு ஒருநாள் போட்டிகள். பல ஆண்டுகள் கழித்து வக்கார் யூனிஸ் வேறொன்று சொன்னார்: அந்தக் கூட்டத்தில் அசாருதீனின் மனைவியைப் பற்றியும் அசிங்கமாகப் பேசினார்கள், இன்சமாமின் கோபம் அதற்குத்தான் என்று. எதிரணி நண்பனுக்காகச் சண்டைக்குப் போனவர்! கேட்கும்போது நமக்கே கொஞ்சம் மனம் இளகுகிறது.

இளகலாம். ஆனால் சட்டத்துக்கும் இளகத் தெரியும், அளவோடு. சிங்கப்பூர் குற்றவியல் சட்டத்தின் 334ஆம் பிரிவு, திடீரெனக் கடுமையாகத் தூண்டப்பட்டுக் காயம் விளைவிப்பதைத் தனிக் குற்றமாக வைத்திருக்கிறது. தண்டனை குறையும், குற்றம் இல்லாமல் போகாது. 'திடீரென' என்ற சொல்தான் அங்கே முக்கியம். எல்லைக்கோட்டில் ஃபீல்டிங் செய்தவர் கையில் மட்டை எப்படி வந்தது? பன்னிரண்டாவது ஆட்டக்காரர் கொண்டுவந்தார் என்று அப்போதைய செய்திகள் கூறின. மட்டை வந்து சேரும் நேரத்தில் கோபம் திடீர் கோபமாக இருப்பதில்லை. இன்றைய ஐசிசி நடத்தை விதிகளில் பார்வையாளரைத் தாக்குவது நான்காம் நிலைக் குற்றம், அதற்கு மேல் நிலையே கிடையாது. இரண்டு போட்டியோடு இப்போது தப்ப முடியாது.

இன்னொரு பக்கம் 1995 ஜனவரி 25, லண்டன் செல்ஹர்ஸ்ட் பார்க். சிவப்பு அட்டை வாங்கி வெளியேறிய எரிக் கான்டோனா, தன்னைத் திட்டிய பார்வையாளரை எகிறி உதைத்தார். மான்செஸ்டர் யுனைடெட் அந்தப் பருவம் முழுக்க விலக்கியது. கால்பந்துச் சங்கம் செப்டம்பர் 30 வரை நீட்டித்தது. நீதிமன்றம் முதலில் இரண்டு வாரச் சிறை என்றது, மேல்முறையீட்டில் 120 மணிநேர சமூக சேவை ஆனது. அதைச் சிறுவர்களுக்குக் கால்பந்து கற்றுக்கொடுத்து முடித்தார். மிரட்டும் வகையில் பேசிய அந்தப் பார்வையாளரும் தண்டிக்கப்பட்டார். எனக்குத் தெரிந்து முழுமைக்கு ஓரளவு அருகில் வந்த தீர்ப்பு இதுதான். இரண்டு பக்கமும் விசாரிக்கப்பட்டது, தண்டனையில் திருத்திக்கொள்ள ஒரு வழியும் இருந்தது. ஆனாலும் நினைவு வேறு வேலை செய்கிறது. 2009இல் கென் லோச் எடுத்த 'லுக்கிங் ஃபார் எரிக்' படத்தில் கான்டோனா ஒரு தபால்காரருக்கு வழிகாட்டியாக, கான்டோனாவாகவே வருகிறார். அன்பான படம், எனக்குப் பிடித்த படமும்கூட. அதில் இருப்பது ஆராதிக்கிற ரசிகன். உதை வாங்கியவனுக்கு யாரும் படம் எடுப்பதில்லை.

அடிக்காமல் இருந்தவர்களுக்கு என்ன கிடைத்தது என்றும் பார்க்க வேண்டும். முத்தையா முரளிதரனைப் பார்த்து ஆஸ்திரேலியக் கூட்டங்கள் வருடக்கணக்கில் 'நோ-பால்' என்று கத்தின. அவர் யாரையும் அடிக்கவில்லை. 2004 ஆஸ்திரேலியப் பயணத்துக்குப் போகவில்லை, அவ்வளவுதான். 2021 ஜனவரியில் சிட்னியில் முகமது சிராஜ் நேராக நடுவரிடம் போய்ச் சொன்னார். ஆட்டம் நின்றது, ஆறு பேர் வெளியேற்றப்பட்டார்கள். பிறகு நடந்த விசாரணையில் இனவெறிப் பேச்சு நடந்தது உண்மை, ஆனால் அந்த ஆறு பேர் பேசியவர்கள் இல்லை என்று முடிவானது. முறையாகப் புகார் கொடுத்தவருக்கும் முழு நியாயம் இல்லை. 'கை நீட்டாதே' என்று ஆட்டக்காரரிடம் சொல்கிற வாரியம், வாய் திறந்தால் கேட்கிற ஏற்பாட்டையும் செய்து வைக்க வேண்டும். இல்லாவிட்டால் அது வெறும் உபதேசம்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தேக்காவில் லெம்பு ரோடு பக்கம் போனீங்கன்னா, வங்கதேசத் தொழிலாளர்கள் ஒரு கைபேசியைச் சுற்றி நாலஞ்சு பேராக மேட்ச் பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஒப்பந்தம், ஒளிபரப்பு, விளம்பரம் என்று இந்த விளையாட்டின் காசு கடைசியில் அந்த நாலஞ்சு பேரிடமிருந்துதான் வருகிறது. ராஜ்ஷாஹிப் பையனும் அவர்களில் ஒருத்தரோட வீட்டுப் பிள்ளையாக இருந்திருக்கலாம். அபராதம் என்பது ஆட்டக்காரருக்கும் வாரியத்துக்கும் நடுவில் நடக்கிற கணக்கு, அடி வாங்கியவனுக்கு அதில் ஒரு வரியும் கிடையாது. தடை என்பது தேர்வுக்குழுவுக்குத் தேவைப்படும்போது சுருங்குகிற ரப்பர். விளையாட்டின் பெயரைக் காப்பாற்றுவதற்காக எழுதப்பட்ட தண்டனை, பெயர் காப்பாற்றப்பட்டதும் வேலை முடிந்தது என்று நினைத்துக்கொள்கிறது.

எனக்கு வேண்டியது நீளமான தடை இல்லை. தடை என்றால் எல்லா ஆட்டத்துக்கும் தடை என்று இருக்கட்டும். அடி வாங்கியவரும் விசாரணை அறைக்குள் உட்காரட்டும். மைதானத்தை நடத்தியவரும் பதில் சொல்லட்டும். இவ்வளவு நடந்த பிறகு ஒருவர் திரும்பி வந்து 77 அடித்தால், கைதட்ட எனக்கு ஒரு சங்கடமும் இருக்காது.